குரங்கைப் பார்ப்பதும் ஒரு படிப்பா?

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள். பள்ளி முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பிவிட்ட நேரம். நம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் பள்ளி வாசலில் வந்து நின்றார். கையில் நீளமான ஒரு கடித உறை இருந்தது. அவருடைய மகள் நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். பின்னர் ஆறாம் படிவம் முடித்து, பல்கலைக்கழகம் சென்று, உயிரியலில் பட்டமும் பெற்றுவிட்டாள். இப்போது அவளுக்கு முதுகலை ஆய்வு செய்ய இடம் கிடைத்திருக்கிறது. ஆய்வுத் துறை, விலங்குகளின் நடத்தை.

"வாத்தியாரையா, நாங்க தலைமுறை தலைமுறையா குரங்கைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். கல்லால அடிச்சு விரட்டுறோம். அதைப் பார்க்கிறதுக்குப் போயி ஒரு மேற்படிப்பா?" என்று கேட்டார்.

நாம் சிரித்துவிட்டோம். ஆனால் அவர் சிரிக்கவில்லை. வீட்டில் கஷ்டப்பட்டு ஒரு பிள்ளையைப் பட்டம் வரை படிக்க வைத்த தகப்பன் கேட்ட கேள்வி அது. "இனி வேலைக்குப் போய்க் குடும்பத்துக்குக் கைகொடுப்பாள்" என்று எண்ணியிருந்த நேரத்தில் இந்தக் கடிதம் வந்திருக்கிறது. அவருக்கு அன்று வாசலில் நின்றபடி அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். அந்தப் பதிலை இன்று முழுமையாகச் சொல்ல முயல்கிறோம். இதே கேள்வி உள்ள பெற்றோர் வேறு தோட்டங்களிலும் இருக்கக்கூடும் அல்லவா?

முதலில், இந்தப் படிப்பு யாது என்று பார்ப்போம். ஒரு விலங்கின் எலும்பையும் இரத்தத்தையும் ஆராய்வது ஒரு வகைப் படிப்பு. அந்த விலங்கு என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்று ஆராய்வது இன்னொரு வகை. இந்த இரண்டாவதை விலங்கு நடத்தையியல் என்கிறோம். நம் உடல் பல்லாயிரம் தலைமுறைகளாக மாறி மாறி வந்ததைப் போலவே நம் மனத்தின் போக்குகளும் உருவாகியிருக்க வேண்டும் என்று கொண்டு மனித மனத்தை ஆராய்வது பரிணாம உளவியல் எனப்படும். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். "மனிதன் குரங்கிலிருந்து வந்தான்" என்று இந்தப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள் எனப் பலர் நினைக்கிறார்கள். இன்று மரத்தில் தாவும் குரங்கு நமக்குப் பாட்டன் அன்று. அதற்கும் நமக்கும் வெகு காலத்துக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது என்பதே அறிவியல் கூறுவது. ஆகவே குரங்கை நமக்குத் தூரத்துப் பங்காளி என்று சொல்வது பொருந்தும்.

இனி, இந்தத் துறையில் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதை நம் வீட்டு வாசலிலேயே பார்ப்போம். லயத்து வாசலில் ஒரு கோழி தன் குஞ்சுகளோடு மேய்கிறது. தாய் நடந்தால் குஞ்சுகள் பின்னால் ஓடுகின்றன. ஏன்? "தாய்ப்பாசம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். நீக்கோ டின்பெர்கன் என்ற டச்சு அறிஞர் 1963-இல் எழுதிய ஒரு கட்டுரையில், இத்தகைய ஒரு "ஏன்" என்பதற்குள் நான்கு வெவ்வேறு கேள்விகள் அடங்கியிருக்கின்றன என்று காட்டினார்.

முதல் கேள்வி: இந்த நொடியில் குஞ்சை ஓட வைப்பது எது? தாயின் உருவமும் அதன் "கொக் கொக்" என்ற அழைப்பும் குஞ்சின் கண்ணையும் காதையும் எட்டுகின்றன; கால்கள் ஓடுகின்றன.

இரண்டாவது: குஞ்சின் வாழ்நாளில் இந்தப் பழக்கம் எப்படி உண்டாயிற்று? முட்டையிலிருந்து வெளிவந்த தொடக்க நேரத்தில் அருகே அசையும் உருவத்தைக் குஞ்சு மனத்தில் பதித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் கோழிக்குப் பதில் மனிதன் இருந்தால், அவன் பின்னாலும் ஓடும். வாத்துக் குஞ்சுகள் இப்படித் தம் பின்னால் அணிவகுத்து வந்ததை ஆஸ்திரிய அறிஞர் கோன்ராட் லோரென்ஸ் விரிவாக ஆராய்ந்தார்.

மூன்றாவது: இதனால் குஞ்சுக்கு என்ன பயன்? தாயை ஒட்டி நின்ற குஞ்சு பருந்துக்கு இரையாகாது; சூடும் தீனியும் கிடைக்கும். பிரிந்து போனது பிழைப்பது அரிது.

நான்காவது: இது எந்த முன்னோரிடமிருந்து வந்தது? நம் வீட்டுக் கோழியின் முன்னோர் காட்டுக்கோழி. மலாய்க்காரர் "ஆயாம் ஹுத்தான்" என்று சொல்லும் அந்தப் பறவை இன்றும் நம் செம்பனைக் காட்டு ஓரங்களில் கூவுகிறது. அதன் குஞ்சுகளும் தாய் பின்னால்தான் ஓடுகின்றன.

ஒரு சின்னக் காட்சிக்குள் நான்கு கேள்விகள்! ஒன்றுக்கான பதில் மற்றொன்றுக்குப் பதிலாகாது. இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பதிலைச் சான்றோடு நிறுவுவதுதான் மேற்படிப்பு. டின்பெர்கன், லோரென்ஸ், தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்த கார்ல் ஃபொன் ஃபிரிஷ் ஆகிய மூவருக்கும் 1973-ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. பரிசு மருத்துவத் துறைக்கு உரியது என்பதைக் கவனிக்க வேண்டும். வாத்தையும் தேனீயையும் பார்த்தவர்களுக்கு மருத்துவப் பரிசு!

டின்பெர்கன் தம் டாக்டர் பட்டத்துக்கு எதைப் பார்த்தார் தெரியுமா? ஒரு குளவியை. மணலில் குழி தோண்டி, தேனீக்களைப் பிடித்து வந்து அதில் வைக்கும் ஒரு வகைக் குளவி அது. நூற்றுக்கணக்கான குழிகளுக்கு நடுவே தன் குழியை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவர் ஒரு குழியைச் சுற்றிப் பைன் மரத்தின் காய்களை வட்டமாக அடுக்கி வைத்தார். குளவி பழகிய பிறகு, அது வெளியே போயிருந்த சமயத்தில் அந்த வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி தன் குழியை விட்டுவிட்டு, காய்கள் இருந்த வட்டத்தின் நடுவில் போய் இறங்கித் தேடியது. ஆக, அது அடையாளம் வைத்து வழி அறிகிறது என்பது நிரூபணமாயிற்று. செலவு என்று பார்த்தால் ஒரு கூடைக் காய். ஆனால் கேள்வி கூர்மையானது, பொறுமை மிகுதி. 1932-இல் ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் இதற்காக அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

இனி மனித மனத்துக்கு வருவோம். இந்த ஆராய்ச்சியின் தொடக்கத்தில் நம் மலாயாவுக்கும் ஒரு பங்கு உண்டு. சார்ல்ஸ் டார்வின், மகிழ்ச்சி, கோபம், வெட்கம், திகைப்பு ஆகியவற்றை முகம் காட்டும் விதம் உலக மக்கள் எல்லாருக்கும் பொதுவா என்று அறிய விரும்பினார். பதினாறு கேள்விகளை எழுதிப் பல நாடுகளுக்கும் அனுப்பினார். "திகைக்கும்போது கண்ணும் வாயும் அகலத் திறக்கின்றனவா, புருவம் உயர்கிறதா?" என்பது போன்ற கேள்விகள். முப்பத்தாறு பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் மலாக்காவின் உட்பகுதியில் சுரங்கப் பொறியாளராக இருந்த கீச் என்பவர். அங்கு வாழ்ந்த மக்களின் முகக்குறிகளைக் கவனித்து இரண்டு நீண்ட கடிதங்கள் எழுதினார். 1872-இல் வெளிவந்த தம் நூலில் டார்வின் அக்கடிதங்களைப் பாராட்டிக் குறிப்பிட்டிருக்கிறார். கவனித்தவர் பேராசிரியர் அல்லர். வேலைக்கு வந்த இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்.

மற்றோர் எடுத்துக்காட்டு பாம்பைப் பற்றியது. விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்ந்த கொடி காலில் பட்டாலும் உடம்பு முதலில் துள்ளும். அறிவு பிறகுதான் "இது கொடி" என்று சொல்லும். பாம்புப் பயம் பிறப்பிலேயே வருவதா, பிறரைப் பார்த்துக் கற்பதா? அமெரிக்காவில் சூசன் மினெகா என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1980-களில் இதைச் சோதித்தனர். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. ஆனால் வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு நடுங்குவதைப் படத்தில் பார்த்ததும் அவையும் விரைவில் அஞ்சத் தொடங்கின. பிறகு ஒரு தந்திரம் செய்தார்கள். படத்தை வெட்டி ஒட்டி, அதே குரங்கு பூவைக் கண்டு நடுங்குவது போலக் காட்டினார்கள். அதைப் பார்த்த குரங்குகள் பூவுக்கு அஞ்சக் கற்கவில்லை!

இதன் பொருள் என்ன? பயம் முழுதாகப் பிறவியிலும் இல்லை. முழுதாகக் கற்பனவற்றிலும் இல்லை. சில ஆபத்துகளை எளிதில் கற்றுக்கொள்ளும்படி மனம் முன்னரே பண்பட்டிருக்கிறது. விதைக்கு ஏற்ற மண் தயாராக இருப்பது போல.

இதில் நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பாம்பு நம் முன்னோரை இலட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கடித்து வந்தது. களைக்கொல்லி மருந்து வந்தது நேற்று. ஆகவே பாம்புக்கு அஞ்சக் குழந்தை எளிதில் கற்றுக்கொள்கிறது. குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த மருந்தைக் கண்டால் கையை நீட்டுகிறது. அந்தப் பயத்தை இயற்கை கற்றுத் தராது. நாம்தான் கற்றுத் தர வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனாலும் தோட்ட வேலையில் வேறு மருந்துகள் உண்டு. எந்த மருந்தையும் குடிக்கும் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள் என்று இந்த வேளையில் கேட்டுக்கொள்கிறோம்.

இந்தப் படிப்பில் ஓர் அபாயமும் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. "இது இயற்கை" என்று சொன்னவுடன் "ஆகவே இது நியாயம்" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். "பிள்ளையைப் பார்ப்பது பெண்ணின் இயல்பு, ஆணுக்கு அது இல்லை" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் காட்டுச் சியாமாங்கைக் காட்டலாம். டேவிட் சிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வு மாணவர் 1968 முதல் 1970 வரை பகாங் காடுகளில் சியாமாங் குடும்பங்களின் பின்னால் நடந்தார். முதல் ஆண்டில் தாய் சுமக்கும் குட்டியை, இரண்டாம் ஆண்டில் தந்தையே சுமந்து திரிவதை அவர் பதிவு செய்தார். ஆனால் சியாமாங் செய்வதால் நாம் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. கோழிச் சேவல் செய்யாததால் நாம் செய்யக் கூடாது என்பதும் இல்லை. விலங்கு நமக்குச் சட்டம் எழுதித் தருவதில்லை. நல்ல ஆய்வாளர் "இப்படி இருக்கிறது" என்பதையும் "இப்படி இருக்க வேண்டும்" என்பதையும் குழப்பமாட்டார். பரிணாம உளவியலில் சோதித்துப் பார்க்க முடியாத கதைகளும் எழுந்ததுண்டு. சான்றையும் கதையையும் பிரித்துப் பார்க்கக் கற்பதே இந்த மேற்படிப்பின் பாதி.

சரி, இதனால் தோட்டத்துக்கு என்ன பயன் என்று கேட்கிறீர்களா? இப்போது நம் சொந்த மண்ணில் நடந்த ஆய்வைச் சொல்கிறோம்.

பேராக் மாநிலத்தில் செகாரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே காடும் செம்பனைத் தோட்டமும் அடுத்தடுத்து உள்ளன. காட்டில் வாழும் "பெரோக்" என்னும் பன்றிவால் குரங்குகள் தோட்டத்துக்குள் வந்து பழம் தின்னும். தோட்டக்காரர்கள் அவற்றை எதிரியாகவே கருதினார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஓர் ஆய்வுக் குழு இந்தக் குரங்குக் கூட்டங்களின் பின்னால் நடந்தது. முதலில் குரங்குகள் மனிதரைக் கண்டு ஓடாமல் இருக்கப் பழக்க வேண்டும். அதற்கே நீண்ட காலம் பிடிக்கும். பிறகு ஒவ்வொரு குரங்கையும் முகம் பார்த்து அடையாளம் அறிய வேண்டும். அதன் பிறகு, எது எப்போது எதைத் தின்றது என்று மணிக்கணக்கில் குறித்துக்கொண்டே போக வேண்டும்.

அன்னா ஹோல்ஸ்னர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட முடிவு பலரையும் வியக்க வைத்தது. குரங்குகள் தின்ற செம்பனைப் பழம் மொத்த விளைச்சலில் 0.56 விழுக்காடே. அதாவது இருநூறு குலைக்கு ஒரு குலையைச் சற்றுத் தாண்டும். எலியால் வரும் சேதமோ சுமார் 10 விழுக்காடு. நூறு குலைக்குப் பத்து. அந்த எலியைத்தான் இந்தக் குரங்குகள் வேட்டையாடிக்கொண்டிருந்தன! பகலில் எலிகள் செம்பனை மரத்தின் மட்டை இடுக்குகளில் ஒளிந்திருக்கும். குரங்கு அந்த இடுக்கைப் பிய்த்து, கையை விட்டு, எலியைப் பிடித்துத் தின்னும். ஒரு கூட்டம் ஓராண்டில் சுமார் 3,000 எலிகளைக் கொல்லும் என்று கணக்கிட்டார்கள். குரங்குகள் வழக்கமாக வந்துபோகும் இடத்தில் எலிகள் 75 விழுக்காட்டுக்கு மேல் குறையக்கூடும் என்றும் கண்டார்கள். எலிக்கு எமனாக ஆந்தைப் பெட்டி வைக்கும் தோட்டங்களை நாம் அறிவோம். விரட்டி அடித்த குரங்கும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆனால் ஒன்று: பக்கத்தில் காடு இருந்தால்தான் குரங்கு இருக்கும்.

அந்த ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. 2014 முதல் 2023 வரை அந்தக் கூட்டங்களில் பிறந்த குட்டிகளின் கணக்கை வைத்திருந்தார்கள். 2024-இல் வெளிவந்த முடிவு மனத்தைச் சுடுவது. பிறந்த குட்டிகளில் 57 விழுக்காடு ஒரு வயதை எட்டுமுன் இறந்தன. தோட்டத்துக்குள் அதிகமாகக் கொண்டுவரப்பட்ட குட்டிகளுக்குச் சாவின் ஆபத்து சுமார் மும்மடங்காக இருந்தது. காரணம் என்ன? நாய்கள், மனிதர்கள், நோய் ஆகியவற்றோடு, தோட்டத்தில் தெளிக்கும் இரசாயன மருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். "இருக்கலாம்" என்றுதான் சொல்கிறார்கள். அதை உறுதிப்படுத்த மேலும் சோதனை வேண்டும் என்கிறார்கள்.

நேயர்களே, இதைப் படித்தபோது நமக்கு நம் தாயாரின் நினைவு வந்தது. முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து வரிசை வரிசையாக மருந்தடித்துவிட்டு, அதே கையோடு ஆயாக் கொட்டகைக்கு வந்து தம்பியைத் தூக்கியவர் அவர். குரங்குக் குட்டிக்கு நேர்ந்தது மனிதக் குழந்தைக்கும் நேரும் என்று நாம் சொல்லவில்லை. அந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரங்குத் தாய்கள் நடந்த வரிசையும் நம் தாய்மார்கள் நடந்த வரிசையும் ஒன்றுதானே! அங்கே பிறந்த குட்டிகளை ஒன்று விடாமல் எண்ணி எழுத அந்தக் குழுவினர் பத்தாண்டு நடந்தார்கள். இனியாவது மருந்தடிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். இந்தத் துறையில் நம் பிள்ளைகளும் இருந்தால், நமக்கு வேண்டிய கேள்விகளையும் கேட்பார்கள் அல்லவா?

அடுத்து, படிப்பின் படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஐந்தாம் படிவத்துக்குப் பிறகு ஆறாம் படிவம் அல்லது மெட்ரிகுலேஷன். பின்னர் உயிரியல், விலங்கியல் அல்லது உளவியலில் மூன்று நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டம். அதற்குப் பின் வருவதே மேற்படிப்பு. முதுகலையில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வகுப்புக்குச் சென்று பாடம் படித்துத் தேர்வு எழுதுவது. மற்றொன்று ஒரு மேற்பார்வையாளரின் கீழ் ஆய்வு செய்து ஆய்வேடு எழுதுவது. அதற்கு மேலே டாக்டர் பட்டம். அதற்குப் பொதுவாக மூன்று ஆண்டாவது ஆகும்.

ஆய்வு மாணவர் முதலில் தம் கேள்வியை எழுதி ஒப்புதல் பெற வேண்டும். வனவிலங்கை ஆராய்வதானால் பெர்ஹிலித்தானின் அனுமதியும் வேண்டும். பிறகு களத்தில் மாதக்கணக்கில் கவனிப்பு. அதன் பின் கணக்கு! ஆம், புள்ளியியல் தெரியாமல் இந்தப் படிப்பில் ஓரடி நகர முடியாது. "கணக்கு வராது, அதனால் விலங்கைப் படிக்கிறேன்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். கடைசியில் ஆய்வேடு எழுதி, தேர்வாளர்கள் முன் அமர்ந்து அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேரில் விடை சொல்ல வேண்டும்.

பட்டம் இல்லாமலே இந்தத் துறையில் புகுந்தவரும் உண்டு. செயலாளராக வேலை பார்த்த ஜேன் குட்டால் 1960-இல் தம் 26-ஆம் வயதில் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டுக்குச் சென்றார். சிம்பன்சி ஒன்று குச்சியைக் கறையான் புற்றில் விட்டு, அதில் ஏறிய கறையானைத் தின்பதைக் கண்டார். கருவி செய்வது மனிதனுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் அன்று ஆட்டம் கண்டது. இளங்கலைப் பட்டம் இல்லாத அவரை 1962-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நேராக டாக்டர் பட்ட ஆய்வுக்குச் சேர்த்துக்கொண்டது. 2025-இல் தம் 91-ஆம் வயதில் மறையும் வரை அவர் உலகெங்கும் உழைத்தார். ஆனால் இது விதிவிலக்கு. நம் பிள்ளைகள் படி ஏறித்தான் போக வேண்டும்.

வருமானம்? இதில் நாம் பொய் நம்பிக்கை தரமாட்டோம். படிக்கும் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகை பெரிதாக இராது. சிலருக்குக் கிடைக்காமலும் போகலாம். படித்த பின் பல்கலைக்கழகம், வனவிலங்குத் துறை, விலங்குக் காட்சிசாலை, தோட்ட நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவு, பள்ளிக்கூடம் என்று வேலைகள் உண்டு. அவை காத்துக்கொண்டிருக்கும் வேலைகள் அல்ல. தேடிப் பெற வேண்டியவை. ஆகவே கையெழுத்திடுமுன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. மேற்பார்வையாளர் யார்? அவரிடம் இதற்கு முன் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மாதம் எத்தனை வெள்ளி, எத்தனை மாதங்களுக்கு? காட்டில் பிள்ளையோடு யார் இருப்பார்கள்? விபத்து நேர்ந்தால் காப்புறுதி உண்டா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று, பெற்றோரின் கடமை.

இந்தக் கேள்விகளை அன்று வாசலில் சொன்னபோதுதான் அந்த அண்ணனின் உண்மைக் கவலை வெளியே வந்தது. "குரங்கு கிடக்கட்டும் வாத்தியாரையா. பொம்பளைப் பிள்ளை, காட்டுக்குள்ள தனியா..." என்று இழுத்தார். "தனியாகப் போகமாட்டாள் அண்ணே, போக விடவும் கூடாது. அதைத்தான் கேட்கச் சொல்கிறோம்" என்றோம். கேள்விகளைத் தம் கையாலேயே அந்த உறையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்.

பிறகு செகாரி ஆய்வைப் பற்றிச் சொன்னோம். குரங்கு எலி பிடித்ததைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதுவா கண்டுபிடிப்பு? மட்டையைப் பிய்ச்சு அது எலி தின்றதை நான் எத்தனையோ வருசமாப் பார்க்கிறேனே! யாரும் கேட்கலையே?" என்றார்.

நேயர்களே, அந்த அண்ணன் கண்டது உண்மை. யாரும் அவரைக் கேட்காததும் உண்மை. அவர் கண்டதை எண்ணவில்லை, எழுதவில்லை, சான்றோடு பிறர் முன் வைக்கவில்லை. வைக்க வழியும் இருக்கவில்லை. அந்த வழியின் பெயர்தான் மேற்படிப்பு. "அண்ணே, இதை முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். எந்த மாதம், எந்த நேரம், எத்தனை குரங்கு என்று அவள் கேட்பாள், யோசித்துப் பதில் சொல்லுங்கள்" என்றோம். அடுத்த வாரம் தகப்பனும் மகளுமாகப் பேருந்து ஏறி மேற்பார்வையாளரைப் பார்க்கப் போனார்கள். உறையைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார்.

முடிக்குமுன் பிள்ளைகளுக்கு ஒரு சிறு வேலை தருகிறோம். நாளை மாலை பத்து நிமிடம் ஒரு கோழியையோ, எறும்பு வரிசையையோ, மரத்தில் உள்ள குரங்கையோ தள்ளி நின்று பாருங்கள். கல்லெறிய வேண்டாம். கண்டதை மட்டும் நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள். நினைத்ததை எழுத வேண்டாம். தேதியும் நேரமும் போடுங்கள். மறுநாளும் அதே நேரத்தில் பாருங்கள். மூன்றாம் நாள் உங்களுக்கே ஒரு "ஏன்" பிறக்கும். அதை ஆசிரியரிடம் கொண்டு வாருங்கள். பெற்றோர்களே, பிள்ளை அப்படி நின்று பார்த்துக்கொண்டிருந்தால், "சும்மா நிற்கிறாயே" என்று ஏசிவிடாதீர்கள்.